மார்மன் வரலாற்றைப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உலகின் பெரிய மதங்களில் பலவற்றின் தொடக்க காலத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் பிற்காலத்தில் எழுதப்பட்ட நூல்கள்தான். கூட இருந்தவர்களின் நாட்குறிப்பு கிடையாது, அடமானப் பத்திரம் கிடையாது, எதிராளிகள் நடத்திய செய்தித்தாளும் கிடையாது. மார்மன் மதத்துக்கு இவை எல்லாமே இருக்கின்றன. 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய இந்த இயக்கத்தின் முதல் தலைமுறையே எழுதிக் குவித்துவிட்டது. ஒரு மதம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவருக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் புதிதாக வருபவரை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். ஒரு பக்கம் ஊழியக்காரர்கள் கொடுக்கும் கைப்பிரதி. மறுபக்கம் ‘மறைக்கப்பட்ட உண்மைகள்’ என்று பேசும் காணொளிகள். இரண்டும் ஆவணத்தைக் காட்டிவிட்டு உடனே முடிவையும் கையில் திணித்துவிடும். அந்த முடிவுக்கு நீங்களே நிதானமாக வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப் போவதில் அடிப்படையானது ஒன்றுதான்: எந்தச் சம்பவத்தைப் படித்தாலும் அது நடந்த தேதியையும், அது எழுதப்பட்ட தேதியையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு எடுத்து நான்கு பத்தி போடுங்கள். நடந்தது எப்போது, எழுதியது எப்போது, எழுதியவர் யார், யார் படிப்பதற்காக எழுதினார். இந்த நோட்டு இல்லாமல் இந்த வரலாற்றுக்குள் நுழைந்தால் தலை சுற்றும்.

முதலில் ஊர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

மார்மன் வரலாறு இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும் வரலாறு. ஊர்ப் பெயர்கள் மனதில் நின்றால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜோசப் ஸ்மித் 1805இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். நிலம் சரியாகக் கைகொடுக்காத விவசாயக் குடும்பம். பிழைப்பு தேடி நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா பகுதிக்கு வந்தார்கள். 1823இல் மொரோனி என்ற தேவதூதர் தோன்றியதாகவும், 1827இல் மலையில் புதைந்திருந்த தங்கத் தகடுகள் கைக்குக் கிடைத்ததாகவும் அவர் சொன்னார். அந்தத் தகடுகளின் மொழிபெயர்ப்பு என்று அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, பெரும்பகுதியை ஆலிவர் கவுட்ரி 1829இல் எழுதினார். 1830 மார்ச்சில் பல்மைராவில் ஓர் அச்சகத்தில் 5,000 படிகள் அச்சாயின. அச்சுக் கூலி 3,000 டாலருக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் பண்ணையை அடமானம் வைத்தார். அதுதான் மார்மன் புத்தகம். அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று சபை தொடங்கியது.

1831இல் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லாண்டுக்குப் போனார்கள். 1836இல் அங்கே முதல் ஆலயம் எழுந்தது. 1837இல் அவர்கள் நடத்திய வங்கி நொடித்தது, சபைக்குள்ளேயே பலர் விலகினார்கள். அதே காலத்தில் மிசௌரியில் இன்னொரு குடியேற்றம் இருந்தது. 1833இல் ஜாக்சன் மாவட்டத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். 1838 அக்டோபரில் அந்த மாநில ஆளுநர் பாக்ஸ், மார்மன்கள் ஒழிக்கப்பட வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டு விரட்டப்பட வேண்டும் என்று எழுத்திலேயே ஆணையிட்டார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற இடத்தில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆணை முறைப்படி ரத்தானது 1976இல்தான். அடுத்து இல்லினாய்ஸ் மாநிலத்தில் நாவூ நகரம். அங்கிருந்துதான் 1844 ஜூனில் ஸ்மித் சிறைக்குப் போனார். கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் ஜூன் 27 அன்று ஒரு கும்பல் அவரையும் அவர் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. 1847 முதல் பிரிகாம் யங் தலைமையில் பெரும்பான்மையோர் யூட்டாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தத் துன்பங்களைச் சின்ன அடிக்குறிப்பாக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். அடுத்த அரை நூற்றாண்டில் இந்த மக்கள் வெளியாட்களை எப்படிப் பார்த்தார்கள், ஏன் சிலவற்றை ரகசியமாக வைத்தார்கள் என்பதற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

எந்தச் சபையைப் பற்றிப் பேசுகிறார்கள்?

ஸ்மித் இறந்தபின் யார் தலைவர் என்ற கேள்வியில் இயக்கம் உடைந்தது. யூட்டா போனவர்கள்தான் இன்றைய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. போகாமல் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் தங்கியவர்களில் பலர், 1860இல் ஸ்மித்தின் மூத்த மகனைத் தலைவராக ஏற்று இன்னொரு சபையை அமைத்தார்கள். 2001 முதல் அதன் பெயர் கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட். கர்ட்லாண்ட் ஆலயம் நெடுங்காலம் அவர்களிடம்தான் இருந்தது, 2024இல்தான் யூட்டா சபை அதை வாங்கியது. இவை தவிர, பலதார மணத்தை இன்றும் விடாத சிறு குழுக்கள் இருக்கின்றன. செய்திகளில் அடிபடும் பலதார மணக் கைதுகள் பெரும்பாலும் அந்தக் குழுக்களைச் சேர்ந்தவை. யூட்டா சபை 1890இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது, 1904இல் மீறுபவர்கள் விலக்கப்படுவார்கள் என்றும் சொன்னது.

ஒரு கட்டுரையைத் திறந்ததும் இதில் எந்தச் சபை என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று: 2018 முதல் யூட்டா சபை தன்னை மார்மன் சபை என்று அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. வரலாற்றாய்வில் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறது, நானும் இங்கே பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தச் சபை உறுப்பினர் ஒருவரிடம் நேரில் பேசும்போது அவர்கள் விரும்பும் பெயரைச் சொல்வதுதான் மரியாதை.

ஒரே சம்பவம், நான்கு பதிவுகள்

சரி, இப்போது நோட்டை எடுங்கள். பயிற்சிக்கு ‘முதல் தரிசனம்’ என்று சபை அழைக்கும் சம்பவத்தைவிடப் பொருத்தமானது இல்லை. 1820 வாக்கில், பதினான்கு வயதுச் சிறுவனாக ஜோசப் தோப்பு ஒன்றில் ஜெபித்தபோது பிதாவாகிய கடவுளும் இயேசுவும் தோன்றினார்கள் என்பது இன்றைய சபை போதனை.

அவர் காலத்துப் பதிவுகளில் முக்கியமானவை நான்கு. முதலாவது 1832இல் எழுதியது, அதில் ஒரு பகுதி அவருடைய சொந்தக் கையெழுத்து. அதில் தெளிவாகத் தோன்றுபவர் ‘கர்த்தர்’ ஒருவர்தான், பேச்சு முழுக்கத் தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டதைப் பற்றி. 1835இல் வீட்டுக்கு வந்த ஒருவரிடம் சொன்னதை எழுத்தர் நாட்குறிப்பில் பதிந்தார். அதில் இருவர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், பல தேவதூதர்களும் வருகிறார்கள். 1838இல் தொடங்கிய வரலாற்றில்தான் எந்தச் சபை சரி என்ற கேள்வி நடுவில் வந்து உட்காருகிறது. இன்று வேதநூலாக அச்சிடப்படுவது இந்தப் பதிவுதான். நான்காவது 1842இல் சிகாகோ பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கேட்டதற்காக எழுதிய சுருக்கமான கடிதம்.

நான்கையும் நோட்டில் போட்டால் முதலில் கண்ணில் படுவது இடைவெளி. மிகப் பழைய பதிவுக்கும் சம்பவத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். இரண்டாவதாக, யார் படிப்பதற்காக எழுதினார் என்ற நோட்டின் நான்காவது பத்தியைப் பாருங்கள். 1832இல் எழுதியது அச்சுக்குப் போகாத தனிக் குறிப்பு; 1838இல் எழுதும்போது அவர் துரத்தப்பட்ட ஒரு சபையின் தலைவர், எதிரிகள் பரப்பும் கதைகளுக்குப் பதில் சொல்வதாகத் தொடக்கத்திலேயே எழுதுகிறார். எழுதும் சூழல் மாறினால் எது முன்னுக்கு வருகிறது என்பதும் மாறும். வளர்ந்துகொண்டே போன கதை என்று விமர்சகர்கள் இதைப் படிக்கிறார்கள். ஒரே அனுபவத்தின் பொருள் ஒரு மனிதனுக்கு வயதோடு விரிகிறது என்று நம்பிக்கையாளர்களான வரலாற்றாசிரியர்கள் படிக்கிறார்கள். இரண்டு வாசிப்புக்கும் அதே நான்கு தாள்கள்தான் ஆதாரம். அதைப் பார்த்துவிட்ட பிறகு இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்க முடிகிறது.

1832 பதிவுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது எழுதப்பட்ட புத்தகத்திலிருந்து ஏடுகள் வெட்டி எடுக்கப்பட்டுத் தனியே வைக்கப்பட்டிருந்தன. 1960களில்தான் அது ஆய்வாளர்களின் பார்வைக்கு வந்தது. அதனால் 1960க்கு முன் வந்த எந்தப் புத்தகத்திலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. புத்தகம் வெளிவந்த ஆண்டையும் நோட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

அச்சில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

ஏழு தொகுதிகளாக வந்த சபை வரலாறு ஒன்று இருக்கிறது. ‘நான் இதைச் செய்தேன், நான் அங்கே போனேன்’ என்று ஸ்மித்தே சொல்வது போல நடக்கும். ஆனால் 1844இல் அவர் இறந்தபோது அந்த வரலாறு 1838 ஆகஸ்ட் வரைதான் வந்திருந்தது. மீதியை எழுத்தர்கள் 1856 வரை உழைத்து முடித்தார்கள். மற்றவர்களின் நாட்குறிப்புகளை எடுத்து, ‘அவர்’ என்றிருந்த இடத்தில் ‘நான்’ என்று மாற்றிச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் இது மோசடியாகப் பார்க்கப்படவில்லை, வரலாறு தொகுக்கும் வழக்கமே அப்படி இருந்தது. ஆனாலும் ஸ்மித் தன்னைப் பற்றி இப்படிச் சொன்னார் என்று அதை மேற்கோள் காட்டும் முன் மூல நாட்குறிப்பைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும்.

பிரசங்கங்களிலும் இதே சிக்கல். யூட்டா காலப் பேச்சுகள் 26 தொகுதிகளாக லிவர்பூலில் 1854 முதல் 1886 வரை அச்சாயின. முதல் தொகுதிகளுக்குச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டவர் ஜார்ஜ் வாட். அவருடைய மூலச் சுருக்கெழுத்தை லஜீன் கேரத் என்ற அறிஞர் பல ஆண்டுகளாகப் படித்து எழுத்தாக்கியிருக்கிறார். மேடையில் பேசியதற்கும் அச்சில் வந்ததற்கும் பல இடங்களில் தொலைவு அதிகம் என்பது அதில் தெரியவந்தது. இந்த மாதிரி வேலை செய்பவர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு. பெரிய கோட்பாடு எதையும் சொல்லாமல், பலருக்குப் படிக்கவே தெரியாத எழுத்தைப் படித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

நம்பிக்கைகளின் வரலாற்றைப் படிக்க நினைப்பவர் 1844 ஏப்ரல் 7 அன்று நாவூவில் ஸ்மித் ஆற்றிய, கிங் ஃபாலெட் என்பவரின் நினைவாகப் பேசியதால் அந்தப் பெயரில் நிலைத்துவிட்ட பிரசங்கத்தை எடுக்கலாம். கடவுளும் ஒரு காலத்தில் மனிதர் போல இருந்தவர் என்று அதில் சொன்னார். நான்கு பேர் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். பொதுவாகப் புழங்கும் வடிவம் அந்தக் குறிப்புகளைப் பின்னாளில் ஒன்றாக இணைத்தது. அது சபையின் வேதநூலிலும் இல்லை. நான்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால் எந்தக் கருத்து எல்லோர் காதிலும் விழுந்தது, எது ஒருவர் மட்டும் எழுதியது என்று நீங்களே பார்க்கலாம்.

போதனைகளையும் தேதியோடு பாருங்கள். 1830இல் இருந்த நம்பிக்கை 1844இல் இருந்ததல்ல. மறுமையில் மூன்று நிலை மகிமைகள் என்பது 1832இல் வந்தது, இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் 1840இல், நாவூவின் ஆலயச் சடங்கு 1842இல். காபி, தேநீர், மது, புகையிலை வேண்டாம் என்ற அறிவுரை 1833இல் வந்தாலும், அது கண்டிப்பான விதியாக மாறியது இருபதாம் நூற்றாண்டில்தான். ‘மார்மன்கள் இதை நம்புகிறார்கள்’ என்று யாராவது எழுதினால் எந்த ஆண்டு மார்மன்கள் என்று கேளுங்கள்.

மௌனமும் பிற்காலச் சாட்சியும்

நாவூவில் பலதார மணம் இருந்ததா என்ற கேள்வி இந்தத் துறையில் மிகக் கடினமான பாடம். அது ரகசியமாக நடந்தது, வெளியே மறுக்கப்பட்டது. 1835இல் அச்சான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற வேதநூலில் ஒருவனுக்கு ஒருத்தி என்ற அறிக்கையே இருந்தது. பலதார மணம் பற்றிக் கடவுள் தந்ததாக ஸ்மித் சொன்ன வெளிப்பாட்டை 1843 ஜூலை 12 அன்று எழுத்தர் வில்லியம் கிளேட்டன் எழுதினார். வெளியே அறிவித்தது 1852இல். வேதநூலில் சேர்த்தது 1876இல், அப்போதுதான் பழைய அறிக்கை நீக்கப்பட்டது.

அன்றே எழுதிய ஆதாரங்கள் கொஞ்சம் இருக்கின்றன. கிளேட்டனின் நாட்குறிப்பு அதில் தலையாயது. விலகிப்போன வில்லியம் லாவும் அவர் கூட்டாளிகளும் 1844 ஜூன் 7 அன்று வெளியிட்ட ‘நாவூ எக்ஸ்பாஸிட்டர்’ பத்திரிகை இன்னொன்று. ஒரே ஓர் இதழ்தான் வந்தது. நாவூ நகராட்சி மன்றம் அதைப் பொதுத் தொல்லை என்று தீர்மானித்து அச்சகத்தை அழித்தது. அந்த வழக்குதான் ஸ்மித்தைக் கார்த்தேஜ் சிறைக்குக் கொண்டுபோனது. பகைவர்கள் எழுதியதாயிற்றே என்று அந்த இதழைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் பலதார மணம் பற்றி அதில் இருந்த முக்கியமான குற்றச்சாட்டைப் பின்னாளில் சபைக்குள்ளிருந்தே வந்த சாட்சியங்கள் உறுதிப்படுத்தின.

சாட்சியங்களில் பெரும்பகுதி எப்போது வந்தது என்று பாருங்கள். 1869 வாக்கில் ஹைரமின் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் பெண்களிடமிருந்து உறுதிமொழிப் பத்திரங்கள் வாங்கினார். காரணம் உண்டு. நிறுவனரின் மகன்கள் யூட்டாவுக்கு வந்து, எங்கள் அப்பா பலதார மணம் செய்யவே இல்லை என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். 1892இல் மிசௌரியின் இண்டிபென்டன்ஸ் ஊரின் ஆலய மனைக்காக நடந்த வழக்கில் வயதான பெண்கள் தாங்கள் ஸ்மித்தின் மனைவியராக இருந்தோம் என்று சாட்சி சொன்னார்கள். இன்னொரு பக்கம், ஸ்மித்தின் மனைவி எம்மா 1879இல் தன் மகனிடம் அப்படி எதுவும் இல்லை என்றே சொன்னார். இரு தரப்புச் சாட்சிகளுக்கும் அன்றைய சபைச் சண்டையில் பங்கு இருந்தது. அதனால் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் எந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு நினைவு வெளியே வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

டாட் காம்ப்டன் 1997இல் அந்தப் பெண்கள் 33 பேரின் வாழ்க்கையைத் தனித்தனியாக எழுதினார். மார்மன் பலதார மணம் பற்றிப் படிக்க ஒரே ஒரு புத்தகம் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். அதில் அவர்கள் எண்ணிக்கையாக இல்லாமல் மனிதர்களாக இருக்கிறார்கள்: பனிப்பயணத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கடைசிவரை விசுவாசத்தோடு இருந்தவர்கள், தனிமையில் வாடியவர்கள். 2014இல் சபையே வெளியிட்ட கட்டுரையும் இந்த மணங்களையும், ஒரு மணமகளுக்கு அப்போது பதினைந்து வயது நிறையவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டது.

ஆய்வாளர்களின் காலத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபான் ப்ரோடி 1945இல் ஸ்மித்தின் வாழ்க்கையை எழுதினார். அவர் பின்னாளில் சபைத் தலைவரான டேவிட் மெக்கேயின் தம்பி மகள். ஸ்மித்தைத் திறமையான கற்பனையாளராகக் காட்டிய அந்தப் புத்தகத்துக்காக 1946இல் சபை அவரை விலக்கியது. 2005இல் ரிச்சர்ட் புஷ்மன் எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், நம்பிக்கையுள்ள உறுப்பினர், ஆனால் ஸ்மித்தின் கோபத்தையும் தோல்விகளையும் மூடி வைக்கவில்லை. இரண்டையும் அட்டை முதல் அட்டை வரை படிக்க நேரமில்லையென்றால், கர்ட்லாண்ட் வங்கி பற்றிய பகுதியை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரே தகவல்கள் எப்படி வேறு வேறு மனிதரைக் கண்முன் நிறுத்துகின்றன என்று தெரியும்.

இவர்களுக்கு நடுவில் ஒரு முக்கியமான காலம் இருக்கிறது. மார்மன் வரலாற்றுச் சங்கம் 1965இல் தொடங்கியது, ‘டயலாக்’ ஆய்விதழ் 1966இல். 1972இல் சபை முதல் முறையாக ஒரு தொழில்முறை வரலாற்றாசிரியரை, பொருளாதார வரலாறு எழுதிப் பெயர் பெற்ற லெனார்ட் ஆரிங்டனை, சபை வரலாற்றாசிரியராக நியமித்தது. ஆவணக் காப்பகத்தின் கதவு அகலத் திறந்தது. 1982க்குள் அந்தக் காலம் முடிந்துபோனது, அவருடைய துறை சபையின் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. 1993 செப்டம்பரில் ஆறு அறிவாளிகள் மீது சபை நடவடிக்கை எடுத்தது. அவர்களில் ஒருவரான மைக்கேல் குயின், விலக்கப்பட்ட பிறகும் தன்னை நம்பிக்கையாளர் என்றே சொல்லிவந்தார். அப்புறம் காற்று மறுபடி திசை மாறியது. 2008 முதல் 2023 வரை ஜோசப் ஸ்மித் ஆவணங்கள் 27 தொகுதிகளாக வெளிவந்தன. அதில் ஐம்பதின் அவை என்ற ரகசியக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பும் 2016இல் வந்தது, அதுவரை எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காதது. இந்த வரிசை தெரிந்தால், 1950இல் எழுதியவரை ‘இதைக்கூடப் பார்க்கவில்லையே’ என்று குறை சொல்ல மாட்டீர்கள்.

1980களின் போலி ஆவணக் கதையையும் அவசியம் படியுங்கள். மார்க் ஹாஃப்மன் என்ற வியாபாரி பழைய கடிதங்களைத் தானே தயாரித்துச் சபைக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்றார். தங்கத் தகடுகளை ஒரு வெள்ளைச் சாலமாண்டர் (பல்லி போன்ற பிராணி) காத்ததாகச் சொல்லும் 1830 கடிதம் அதில் பிரபலமானது. வல்லுநர்கள் நம்பினார்கள். மாட்டிக்கொள்ளும் நிலை வந்தபோது 1985 அக்டோபர் 15 அன்று அவர் வைத்த குண்டுகளில் இருவர் இறந்தார்கள். 1987இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதில் என்னை மிகவும் கவர்ந்தவர் ஜெரால்ட் டானர். சபையைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர், அந்தக் கடிதம் அவர் வாதத்துக்கு அல்வா போல. ஆனாலும் 1834இல் வந்த ஒரு மார்மன் எதிர்ப்பு நூலின் சாயல் அதில் இருப்பதைக் கண்டு 1984லேயே சந்தேகத்தை அச்சில் எழுதினார். நமக்குப் பிடித்த முடிவுக்கு உதவும் ஆவணத்தைத்தான் இரட்டிப்பாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அவரே சான்று.

கடினமான தலைப்புகளுக்கு எப்போது போவது

மவுண்டன் மெடோஸ் படுகொலையை முதல் வாரத்திலேயே எடுக்காதீர்கள். 1857 செப்டம்பர் 11 அன்று தெற்கு யூட்டாவில் மார்மன் குடிப்படையினர், சில பையூட் பழங்குடியினரின் துணையோடு, கலிபோர்னியா நோக்கிப் போன பயணக் குழுவில் சுமார் 120 பேரைக் கொன்றார்கள். சரணடைந்தால் பாதுகாப்பாக அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டுச் செய்தது அது. 17 சிறு குழந்தைகள் மட்டும் பிழைத்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்கப் படை யூட்டா நோக்கி வந்துகொண்டிருந்த பதற்றம், மிசௌரி நினைவுகள் எல்லாம் தெரியாமல் இதைப் படித்தால் வெறும் திகில் கதை ஆகிவிடும். தெரிந்து படித்தால் இன்னும் கனமாக இருக்கும், ஏனென்றால் துரத்தப்பட்டவர்களே இதைச் செய்தார்கள்.

பழி முதலில் பையூட்கள் மேல் விழுந்தது. தண்டனை பெற்றவர் ஜான் டி. லீ ஒருவர்தான், 1877இல் அதே இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தெற்கு யூட்டாவிலேயே வாழ்ந்த, சபை உறுப்பினரான ஜுவானிடா புரூக்ஸ் 1950இல் இதன் வரலாற்றை எழுதினார். அக்கம்பக்கத்தார் முகம் திருப்பினாலும் பின்வாங்கவில்லை. முதலில் அவரைப் படியுங்கள், பிறகு 2008இல் சபைக் காப்பகத்தின் ஆவணங்களோடு மூன்று மார்மன் வரலாற்றாசிரியர்கள் எழுதியதைப் படியுங்கள். பயணிகளை விட்டுவிடுங்கள் என்று பிரிகாம் யங் எழுதிய கடிதம் படுகொலைக்குப் பிறகே வந்து சேர்ந்தது. அவருடைய முந்தைய ஆவேசப் பேச்சுகளுக்கு எவ்வளவு பொறுப்பு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுக்கப்பட்ட வரலாற்றுக்கு லெஸ்டர் புஷ் 1973இல் ‘டயலாக்’ இதழில் எழுதிய கட்டுரையே நுழைவாயில். அவர் தொழிலால் மருத்துவர். ஸ்மித்தே இந்தத் தடையைத் தொடங்கியதற்கு அவர் காலத்து ஆதாரம் இல்லை என்று காட்டினார். எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் 1836இலேயே குருத்துவம் பெற்றிருந்தார். தடையை வெளிப்படையாக அறிவித்தவர் 1852இல் பிரிகாம் யங். அது நீங்கியது 1978 ஜூனில்.

ஆபிரகாமின் புத்தகம் கொஞ்சம் நுட்பமானது. 1835இல் 2,400 டாலருக்கு வாங்கிய எகிப்திய மம்மிகளோடு வந்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து ஸ்மித் தந்த நூல் அது. தீயில் போய்விட்டதாக நினைத்த சுருள்களின் துண்டுகள் 1967இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து சபைக்குத் திரும்பின. அவை இறந்தவருக்காக எழுதும் எகிப்தியச் சடங்கு நூல்கள் என்று எகிப்தியலாளர்கள் வாசித்தார்கள். துண்டுகளில் உள்ளதும் ஸ்மித்தின் நூலும் பொருந்தவில்லை என்பதைச் சபையின் 2014 கட்டுரையும் ஏற்கிறது. தொலைந்த சுருளில் இருந்திருக்கலாம் என்பவர்களும், சுருள் வெளிப்பாட்டுக்கு ஒரு தூண்டுகோல் மட்டுமே என்பவர்களும் நம்பிக்கையாளர்களிடையே இருக்கிறார்கள். எகிப்தியலாளர்களின் வாசிப்பை முதலில் தெரிந்துகொண்டு இந்த விளக்கங்களுக்கு வாருங்கள்.

தேவதூதர் வந்தாரா என்ற கேள்விக்கு எந்தக் காப்பகத்திலும் விடை இல்லை. வந்ததாகச் சொன்னவர் எப்போது, யாரிடம், எப்படிச் சொன்னார், கேட்டவர்கள் அதற்காக எதை விட்டு எங்கே போனார்கள் என்பதற்கு விடை இருக்கிறது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜேன் ஷிப்ஸ் என்ற அறிஞர் வாழ்நாள் முழுக்க மார்மன்களைப் பற்றி எழுதியும் இரு தரப்பின் மதிப்பையும் பெற்றது இந்த எல்லையை அறிந்ததால்தான் என்பது என் எண்ணம்.

இன்றே தொடங்க

ஜோசப் ஸ்மித் பேப்பர்ஸ் என்று இணையத்தில் தேடுங்கள். மூலக் கையெழுத்தின் படமும் அச்செழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதனால் பழைய கையெழுத்து படிக்கத் தெரியவில்லையே என்று கவலை வேண்டாம். ‘டயலாக்’ இதழின் பழைய கட்டுரைகளும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. முதலில் முதல் தரிசனப் பதிவுகள் நான்கு, அடுத்து புஷ்மனின் புத்தகம், அதை முடித்ததும் ப்ரோடி, அதன் பிறகு காம்ப்டன் என்று போகலாம்.

நமக்கு நெருக்கமான பயிற்சி ஒன்றும் இருக்கிறது. 1852 ஆகஸ்ட் 28 அன்று சால்ட் லேக் நகரில் கூடிய சிறப்பு மாநாட்டில் சுமார் நூறு ஊழியக்காரர்கள் உலகின் பல மூலைகளுக்கு அழைக்கப்பட்டார்கள். இந்தியாவுக்கும் ஒரு குழு புறப்பட்டது. யூட்டாவில் முதல் ஞாயிறு பள்ளி தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன் அதில் இருந்தார், 1853இல் மதராஸ் வந்து சேர்ந்தார். அதே மாநாட்டின் மறுநாள்தான் பலதார மணம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பாலன்டைனின் நாட்குறிப்புகள் சபையின் வரலாற்று நூலகத்தில் இருக்கின்றன. மதராஸில் அவர் என்ன எழுதினார், அவரைப் பற்றி இங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று இரண்டையும் தேடி, நோட்டின் நான்கு பத்திகளையும் நிரப்பிப் பாருங்கள்.